சீசன் டிக்கெட் பணம்: திரும்ப வாங்குவதா, அடுத்த வருஷத்துக்கு விடுவதா, நன்கொடையா?

சோளக்காட்டுத் தமிழன் | ஆகஸ்ட் 13, 2020

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது பிக் டென்ங்கிற விளையாட்டுக் கூட்டமைப்புல (கான்ஃபரன்ஸ்) சேர்ந்த பல்கலைக்கழகம் ஒண்ணு இருக்கிற ஊர். ஊர் பேர் வேண்டாம். கல்லூரி ஃபுட்பாலுக்கு (அமெரிக்கன் ஃபுட்பால்) சீசன் டிக்கெட் வெச்சிருக்கிற நம்ம ஆட்கள் இங்க யாராவது இருந்தா இந்த வாரம் என்ன நடந்ததுன்னு நான் சொல்லவே வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். 5ஆம் தேதி புது அட்டவணை விட்டாங்க. செப்டம்பர் 3, வியாழக்கிழமை முதல் ஆட்டம்னு போட்டிருந்தது. ஆறே நாள்ல, 11ஆம் தேதி, கொரோனாவால பிக் டென் மொத்த சீசனையும் ஒத்திவெச்சுட்டாங்க. அன்னிக்கே பேக்-12ங்கிற இன்னொரு கான்ஃபரன்ஸும் அதே முடிவு. அடுத்த நாள் டிக்கெட் ஆபீஸ்லேர்ந்து மின்னஞ்சல் வந்தாச்சு.

என் கேள்வி அந்த மின்னஞ்சலைப் பத்தித்தான்.

என் கணக்குல நாலு சீட். டிக்கெட் விலை சீட்டுக்கு 420 டாலர். அதுக்கு மேல சீட்டுக்கு 300 டாலர் 'சீட் டொனேஷன்'. பார்க்கிங் பாஸ் 210. ஆக மொத்தம் 3,090. பிப்ரவரியிலயே கார்டுல கட்டியாச்சு. வெளியூர்ல இருக்கிறவங்களுக்கு அந்த ரெண்டாவது வரி புரியாது. நல்ல பகுதியில உட்காரணும்னா டிக்கெட் விலையோட சேர்த்து பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு இவ்வளவு கொடுத்தே ஆகணும். கொடுக்கலைன்னா அந்த சீட்டை வேற ஆளுக்கு விட்டுடுவாங்க. கொடுக்கக் கொடுக்க 'ப்ரையாரிட்டி பாயிண்ட்ஸ்' ஏறும். அதை வெச்சு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா நடுவுக்கு நகரலாம். நான் வடக்கு மூலையில மேல் வரிசையில ஆரம்பிச்சு இப்ப 30 கெஜக் கோடு வரைக்கும் வந்திருக்கேன்.

மின்னஞ்சல்ல டிக்கெட்டுக்கும் பார்க்கிங்குக்கும் மூணு வழி கொடுத்திருக்காங்க: பணம் திரும்ப, இல்ல 2021க்கு கிரெடிட், இல்ல நன்கொடை. ஆனா சீட் டொனேஷனுக்கு ரெண்டே பட்டன்தான், 2021க்கு கிரெடிட் இல்ல நன்கொடை. அடியில பொடி எழுத்துல "பிற கோரிக்கைகளுக்கு அழைக்கவும்"னு ஒரு நம்பர். ஆகஸ்ட் 31க்குள்ள ஒண்ணும் சொல்லலைன்னா எல்லாமே 2021க்குப் போயிடும்.

இதுல இன்னொரு சிக்கல். நாலு சீட்ல ரெண்டு என் ஆபீஸ் நண்பரோடது. நாங்க ரெண்டு குடும்பமும் பாதிப் பாதி. வேலை போனதுல அவர் ஜூன்ல இந்திய அரசு ஏற்பாடு பண்ணின வந்தே பாரத் விமானத்துல குடும்பத்தோட கோயம்புத்தூர் திரும்பிட்டார். இனி வரப் போறதில்ல. அவரோட பங்கு 1,545 டாலர் இன்னிக்கு அவருக்கு ரொம்ப முக்கியம். 2021 கிரெடிட்டை வெச்சு அவர் என்ன பண்ணுவார்? கணக்கு என் பேர்ல இருக்கிறதால மொத்தத்துக்கும் ஒரே வழியைத்தான் தேர்ந்தெடுக்க விடுது அந்தப் பக்கம்.

என் பங்குல கொஞ்சம் கொடுக்க எனக்கு மனசு இருக்கு. அந்த ஸ்டேடியம் எங்க வீட்டுக்கு அவ்வளவு கொடுத்திருக்கு. எங்க வரிசை வெறும் அலுமினிய பெஞ்சுதான், 18 அங்குலத்துக்கு ஒரு நம்பர் அடிச்சிருக்கும். பக்கத்து நம்பர்ல ஒரு வயசான விவசாயத் தம்பதி. நவம்பர் குளிர்ல ஃப்ளாஸ்க்ல சூடா ஆப்பிள் சைடர் கொண்டு வந்து எங்க பசங்களுக்கு முதல்ல ஊத்திக் கொடுத்துட்டுத்தான் அவங்க குடிப்பாங்க. ஊர்ல எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட முதல் வெளியாட்கள் அவங்கதான். அதனால கொடுக்க மனசிருக்கு, ஆனா நானா எடுத்துக் கொடுக்கணும். பட்டனை ஒளிச்சு வெச்சு எங்கிட்டேர்ந்து எடுக்கக் கூடாது. உட்கார இடம் கொடுக்கிறதாச் சொல்லித்தானே அந்த 300ஐ வாங்கினாங்க? இடம் இல்லைன்னா அதையும் கேட்கிறது நியாயம்தானே? கேட்டா பாயிண்ட்ஸ் போயிடுமா? யாராவது கேட்டுப் பார்த்தீங்களா?

---

சிகாகோ வாசி | ஆகஸ்ட் 13, 2020

நியாயம்தான் ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். மொத்தத்தையும் திரும்பக் கேளுங்க. பயிற்சியாளருக்குப் பல மில்லியன் கொடுக்கிற துறைக்கு உங்க 1,200 டாலர் ஒண்ணுமே இல்ல. உங்க நண்பருக்கு அது வாழ்க்கை.

மார்ச்ல என்ன ஆச்சுன்னு பார்த்தோமே. 12ஆம் தேதி கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்துப் போட்டியையே ரத்து பண்ணாங்க. அதே மாசம் டிக்கெட் மறுவிற்பனைத் தளம் ஸ்டப்ஹப், பணத்துக்குப் பதிலா 120 சதவீத கிரெடிட்னு விதியை மாத்தினாங்க. விஸ்கான்சின்ல வழக்கு போட்டிருக்காங்க. பணம் கைக்கு வர்ற வழி திறந்திருக்கும்போதே வாங்கிடணும். ஃபோன்ல இழுத்தடிச்சா கார்டு கம்பெனியில டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பச் சொல்லிப் புகார்) போட்டுடுங்க.

---

வரிப்படிவம் | ஆகஸ்ட் 14, 2020

தம்பி, நான் பென்சில்வேனியாவில் வரிப்படிவம் போட்டுத் தரும் வேலையில் இருக்கிறேன். இங்கேயும் சனிக்கிழமை ஆட்டம்தான் ஊருக்கே திருவிழா, அதனால் சீட் டொனேஷன் கேள்வி ஒவ்வொரு வருஷமும் என் மேஜைக்கு வரும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிஸ்ப்யூட் வேண்டாம். சட்டப்படி பில்லில் தகராறு என்றால் அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் பிப்ரவரியில் கட்டியது. கார்டு நிறுவனங்களுக்கு அதைத் தாண்டி சொந்த விதிகள் உண்டு, சேவை நடக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்குப் போடுவார்கள். ஆனால் பல்கலைக்கழகம் இன்னும் உங்களிடம் முடியாது என்று சொல்லவே இல்லையே. அவர்கள் மறுக்கும் முன்னாலேயே டிஸ்ப்யூட் போட்டால் உங்கள் கணக்கை முடக்கி வைப்பார்கள், சேர்த்து வைத்த சீட்டும் பாயிண்ட்ஸும் அதோடு மாட்டிக்கொள்ளும். முதலில் ஃபோன், பிறகு எழுத்தில் ஒரு மின்னஞ்சல். அதற்கும் மறுத்தால் மட்டும் கார்டு.

இப்போது அந்த 300 டாலர். 1988இலிருந்து 2017 வரை ஒரு சலுகை இருந்தது. கல்லூரி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கும் உரிமைக்காகக் கொடுத்த நன்கொடையில் 80 சதவீதத்தை வரியில் கழித்துக்கொள்ளலாம். 2017 கடைசியில் வந்த வரிச் சட்டம் அதை முழுசாக எடுத்துவிட்டது. 2018 ஜனவரியிலிருந்து ஒரு காசு கழிக்க முடியாது. அதனால்தான் அந்த டிசம்பரில் பல பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்த வருஷத் தொகையை இப்போதே கட்டிவிடுங்கள் என்று ரசிகர்களுக்கு எழுதின. நினைவிருக்கலாம்.

ஆக, வரித்துறையின் கண்ணில் உங்கள் 1,200 டாலர் சீட்டுக்குக் கொடுத்த விலை, அவ்வளவுதான். சீட் கொடுக்கவில்லை என்றால் அதைத் திரும்பக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. கூச்சமே வேண்டாம். பட்டன் இல்லை என்றால் ஃபோனில் கேளுங்கள்.

ஒரு வேளை உங்கள் பங்கில் கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்றால், எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2021 கிரெடிட் என்று விட்டால் அது அடுத்த வருஷ சீட்டின் விலை. கழிக்க முடியாது. பணத்தைத் திரும்ப வாங்கும் உரிமை உங்களுக்கு இருந்து, அதை நீங்களாக விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒன்றும் வாங்கவில்லை என்றால் மட்டுமே அது நன்கொடை. விட்டுக்கொடுத்த வருஷம்தான் கணக்கு, அதாவது 2020. 250 டாலரோ அதற்கு மேலோ என்றால் அவர்களிடமிருந்து கடிதம் வேண்டும். அதில் "இதற்கு ஈடாக எந்தப் பொருளும் சேவையும் தரப்படவில்லை" என்ற வாசகம் இருக்க வேண்டும். வரிப்படிவம் போடும் முன்பே அந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றால் செல்லாது. நன்கொடைக்குப் புதிதாக பாயிண்ட்ஸ் தருகிறார்களா என்றும் கேளுங்கள். தந்தால் உங்கள் வரி ஆளிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

இந்த வருஷம் ஒரு நல்ல விஷயம் உண்டு. தம்பதியாகப் போடுபவர்களுக்கு, எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனே 24,800 டாலர் என்பதால் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் ஐட்டமைஸ் (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பது) செய்வதே இல்லை, நன்கொடை கொடுத்தும் வரியில் பயன் இருக்காது. மார்ச் 27ஆம் தேதி கையெழுத்தான கேர்ஸ் என்ற கொரோனா நிவாரணச் சட்டத்தில், ஐட்டமைஸ் செய்யாதவர்களும் 2020இல் ரொக்க நன்கொடையில் 300 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு படிவத்துக்கு 300, கணவன் மனைவி சேர்ந்து போட்டாலும் அதே 300தான்.

கடைசியாக உங்கள் நண்பர். அவர் பங்கை எக்காரணம் கொண்டும் நன்கொடைப் பட்டனில் தள்ளிவிடாதீர்கள். ரசீது உங்கள் பேரில் வரும், பணம் அவருடையது. அவர் வேண்டாம் என்றே சொன்னாலும் முதலில் பணத்தை வாங்கி அவர் கையில் கொடுங்கள்.

---

சோளக்காட்டுத் தமிழன் | ஆகஸ்ட் 14, 2020

அக்கா, ரொம்ப நன்றி. டிசம்பர் 2017ல எனக்கும் அந்தக் கடிதம் வந்தது, எதுக்கு இப்படி அவசரப்படுறாங்கன்னு அன்னிக்குப் புரியல.

சிகாகோ ப்ரோ, கோபம் புரியுது. ஆனா டிக்கெட் ஆபீஸ்ல ஃபோன் எடுக்கிறவங்க எல்லாம் மாசச் சம்பளக்காரங்க, பாதிப் பேர் மாணவர்கள். அவங்ககிட்ட சத்தம் போட மாட்டேன். திங்கட்கிழமை காலையில கூப்பிடறேன்.

---

ஐயோவா அம்மா | ஆகஸ்ட் 22, 2020

இந்தத் திரியை முன்னாடியே பார்த்தேன், எழுதத் தோணல. நேத்து வந்த செய்திக்கப்புறம் எழுதாம இருக்க முடியல. ஐயோவா பல்கலைக்கழகம் நாலு அணிகளை நிறுத்தப் போறாங்க: ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆண்கள் டென்னிஸ், நீச்சல்ல ஆண்கள் பெண்கள் ரெண்டுமே. ஃபுட்பால் இல்லாததால 100 மில்லியன் டாலர் வருமானம் போகும், 60லேர்ந்து 75 மில்லியன் வரை துண்டு விழும்னு கடிதத்துல போட்டிருக்காங்க.

என் பொண்ணு ஹைஸ்கூல்ல நீந்தறா. பட்டர்ஃபிளைதான் அவளோடது. அந்த நீச்சல் முறை 1930கள்ல உருப்பெற்ற இடங்கள்ல ஐயோவா பல்கலைக்கழகக் குளம் ஒண்ணு. டேவிட் ஆர்ம்ப்ரஸ்டர்னு அங்க இருந்த பயிற்சியாளரும் ஜாக் சீக்ங்கிற மாணவரும் சேர்ந்து அந்தக் கையையும் மீன் மாதிரி அடிக்கிற காலையும் ஒண்ணாக்கினாங்க. அப்பேர்ப்பட்ட இடத்துல நீச்சல் அணி இருக்காதுங்கிறதை நேத்து ராத்திரி சாப்பாட்டு மேஜையில அவளுக்குச் சொல்றதுக்குள்ள எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. ஜூலையில ஸ்டான்ஃபோர்டே 11 அணிகளை நிறுத்தறதா சொன்னப்போ, அது தனியார், நம்ம பக்கம் வராதுன்னு நினைச்சுட்டிருந்தோம்.

சிகாகோ தம்பிக்குச் சொல்ல வந்தது இதுதான். பெரிய பல்கலைக்கழகங்கள்ல ஃபுட்பால் டிக்கெட் காசுலயும் டிவி காசுலயும்தான் மத்த விளையாட்டுப் பசங்க பஸ் ஏறிப் போட்டிக்குப் போறாங்க. அந்தக் காசு நின்னா முதல்ல விழறது பயிற்சியாளர் சம்பளம் இல்ல, டென்னிஸும் நீச்சலும்தான்.

அதுக்காக எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு நன்கொடைப் பட்டனை அழுத்தணும்னு நான் சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர் குடும்பத்துக்குப் பணம் போயே ஆகணும். சோளக்காட்டுத் தம்பி, நீங்க கொடுக்கிறதா இருந்தா ஃபோன்லயே கேளுங்க, இந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போகும், மாணவர் ஸ்காலர்ஷிப்புக்குன்னு குறிப்பிட்டுக் கொடுக்க முடியுமான்னு. பொதுவா விளையாட்டு நிதின்னு கொடுத்தா ஸ்டேடியம் கட்டின கடனுக்கு வட்டியாவும் போகலாம்.

---

சோளக்காட்டுத் தமிழன் | செப்டம்பர் 17, 2020

தாமதத்துக்கு மன்னிச்சுக்கோங்க. ஆகஸ்ட் கடைசி வாரத்துலயே முடிஞ்சது, நேத்து வந்த செய்தியோட சேர்த்து எழுதலாம்னு இருந்தேன்.

பிக் டென் முடிவை மாத்திட்டாங்க. அக்டோபர் 23-24 வாரக்கடைசியில ஆட்டம் தொடங்குது. ஆனா பொதுமக்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆக எங்க பெஞ்ச் இந்த வருஷம் காலிதான், நாம டிவியிலதான் பார்க்கணும். ஆட்டம் இருக்கு, அதனால ரீஃபண்ட் முடிவு தப்பாப் போச்சோன்னு எங்க ஊர்ல பல பேர் பதறினாங்க. அப்படி இல்ல. உள்ளே விடலைன்னா பணம் நம்மளோடதுதான்.

ஃபோன்ல நடந்தது: ரொம்ப நேரம் காத்திருந்தப்புறம் ஒரு பொண்ணு எடுத்தா, மாணவிதான்னு நினைக்கிறேன். நாலு சீட்டையும் தனித்தனியா பிரிச்சுச் சொல்லணும்னேன். இணையத்துல முடியாது, ஆனா நான் இங்க பண்ணலாம்னா. நண்பரோட ரெண்டு சீட்டுக்கு டிக்கெட், சீட் டொனேஷன், பார்க்கிங்ல பாதி எல்லாமே திரும்ப. சீட் டொனேஷனைத் திரும்பக் கேட்டதும் ஒரு நிமிஷம் தயங்கி மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு வந்தா. "கேட்கிறவங்களுக்குக் கொடுக்கறோம்"னா. எதிர்ப்பே இல்ல. அப்புறம் என்கிட்ட ஒண்ணு சொன்னா, அதை அப்படியே எழுதறேன்: இந்த ரெண்டு வாரத்துல கேட்டவங்க ரொம்பக் கம்மியாம். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. கொடுக்கத் தயாரா இருக்கிற ஒரு விஷயத்துக்கு ஏன் பட்டன் வைக்கல? வேலை போன எத்தனை வீடு அந்த 300ஐப் போனதுன்னு விட்டிருக்கும்? பேசி முடிச்ச கையோட இதை மின்னஞ்சல்லயும் மரியாதையா எழுதி அனுப்பினேன். பதில் இல்ல. பதில் வர்ற வரைக்கும் மாசத்துக்கு ஒரு தடவை எழுதுவேன்.

என் பங்குல டிக்கெட்டும் பார்க்கிங்கும் திரும்ப வாங்கிட்டேன். சீட் டொனேஷன் 600ஐ மட்டும் கொடுத்தேன், ஐயோவா அம்மா சொன்ன மாதிரி மாணவர் ஸ்காலர்ஷிப் நிதிக்குன்னு குறிப்பிட்டு. அதுக்கு வேற படிவம் அனுப்பினாங்க, கேட்டாத்தான் வருது. பாயிண்ட்ஸ் யாருக்கும் குறையாதாம், 2021ல அதே சீட் எனக்குத்தான். அதை எழுத்துல கேட்டு வாங்கிட்டேன். அக்கா சொன்ன வாசகத்தோட கடிதமும் வந்துடுச்சு.

நண்பர் பணம் பழைய கார்டுக்கு வந்தது, அன்னிக்கே அனுப்பிட்டேன். பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிட்டதா மெசேஜ் போட்டார்.

---

கைல் ஃபீல்ட் பக்கம் | செப்டம்பர் 27, 2020

டெக்ஸாஸ்லேர்ந்து ஒரு தகவல், எஸ்.ஈ.சி. (தென் மாநிலப் பல்கலைக்கழகங்களோட கான்ஃபரன்ஸ்) பக்கம் இருக்கிறவங்களுக்கு உதவும். இங்க கான்ஃபரன்ஸ் ஆட்டம் பத்துதான், நேத்துதான் தொடக்கம். எங்க டெக்ஸாஸ் ஏ&எம் அணி வாண்டர்பில்ட்டை 17-12ன்னு ஜெயிச்சது. எங்க ஸ்டேடியமான கைல் ஃபீல்ட்ல 1,02,733 பேர் உட்கார்ற இடத்துல கால்பங்கு கூட்டம். ஸ்டேடியம் நிறைஞ்சிருக்கும்போது பாட்டுக்கு ஏத்த மாதிரி எல்லாரும் தோள்ல கைபோட்டு ஆடுவாங்க, மேல் தளமே அசையும். நேத்து டிவியில பார்த்தப்போ அது இல்லாதது நல்லாவே தெரிஞ்சது.

அப்பாவுக்கு சர்க்கரை இருக்கு, எங்க வீட்டுலயே இருக்கார். அதனால நான் போகல. உங்க பக்கம் எல்லாருக்கும் கதவைச் சாத்திட்டாங்க, அது ஒரு வகையில சுலபம். இங்க கதவு திறந்திருக்கு, நாமதான் வேண்டாம்னு சொல்லணும். "நீயா வரல, அதனால பணம் கிடையாது"ன்னு சொல்லுவாங்களோன்னு பயந்தேன். இந்த வருஷம் மட்டும் விலகிக்க ஒரு தேதி கொடுத்திருந்தாங்க, அதுக்குள்ள சொன்னவங்களுக்குப் பணமும் உண்டு, சீட்டும் பத்திரம். அந்தத் தேதியை விட்டவங்க பாடு திண்டாட்டம். எங்க தெருவுல ஒருத்தர் இன்னும் அலையறார்.

ஒரு சந்தேகம். நான் அப்போ பணமா வாங்காம 2021க்கு மாத்தினேன். இப்ப வீட்டுல செலவு இறுக்குது. மாத்திக் கேட்கலாமா?

---

வரிப்படிவம் | செப்டம்பர் 27, 2020

கேளுங்கள் தம்பி. கிரெடிட்டாக இருக்கும் வரை அது இன்னும் உங்கள் பணம்தான். புதுப்பிக்கும் பில் வந்து அதில் கழித்துவிட்டால் பேசுவது கஷ்டம், அதனால் இந்த வாரமே கூப்பிடுங்கள். பணம் கட்டிய கார்டு காலாவதி ஆகியிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லி காசோலையாகக் கேளுங்கள். நன்கொடை என்று எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் மட்டும் திரும்ப எதிர்பார்க்க வேண்டாம்.

---

கைல் ஃபீல்ட் பக்கம் | செப்டம்பர் 29, 2020

கூப்பிட்டேன் அக்கா. டிக்கெட் பணம் காசோலையா வருது, ஆறு வாரம் ஆகும்னாங்க. சீட் பணத்தைக் கேட்டதுக்கு "எழுதி அனுப்புங்க, பார்க்கிறோம்"னு பதில். எழுதிட்டேன்.